பொட்டு யாருடையது?

2020 ஜூன் மாதம் கவுகாத்தி உயர் நீதிமன்றம் ஒரு விவாகரத்து வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சங்கு வளையலும் சிந்தூரமும் அணிய மறுக்கும் மனைவி, அந்தத் திருமணத்தையே ஏற்க மறுக்கிறார் என்று நீதிபதிகள் பொருள் கொண்டார்கள். வேறு காரணங்களும் அந்தத் தீர்ப்பில் இருந்தன. ஆனாலும் ஒரு பெண் எதை வைத்துக்கொள்ளவில்லை என்பது அவருக்கு எதிரான சாட்சியமாக ஏறியது. இரண்டே ஆண்டில், 2022 மே 4 அன்று, மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்ற ஊராட்சி வேறொரு முடிவு எடுத்தது. கணவன் இறந்தால் மனைவியின் குங்குமத்தை அழிப்பது, வளையலை உடைப்பது, தாலியைக் கழற்றுவது ஆகிய சடங்குகள் இனி இந்த ஊரில் நடக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. மற்ற ஊராட்சிகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று அதே மாதம் மாநில அரசு சுற்றறிக்கை விட்டது.

ஓரிடத்தில் ‘ஏன் வைக்கவில்லை’ என்கிறார்கள். இன்னோரிடத்தில் ‘இனி அழிக்காதீர்கள்’ என்கிறார்கள். பொட்டு யாருடையது என்ற கேள்வி இரண்டுக்கும் அடியில் கிடக்கிறது. வைத்துக்கொள்பவருடையதா, அவருடைய கணவனுடையதா, மதத்துடையதா, ஊருடையதா? நம் மரபு இதற்கு ஒரே பதிலைச் சொல்லவில்லை. சொன்ன பதில்களில் மிகப் பழையது எது, பின்னால் வந்து ஏறியது எது என்று பிரித்துப் பார்ப்பது இன்றைக்கு அவசியம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. வட இந்தியாவில் வகிட்டில் இடும் சிந்தூரம்தான் மணமானதற்கு அடையாளம். புருவ நடுவில் வைக்கும் பிந்தி அலங்காரம். அதைக் கன்னிப் பெண்களும் வைக்கலாம். தெற்கே நெற்றிக் குங்குமம் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறது. குழப்பங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

வகிட்டுச் சிவப்பின் வயதுக்குத் தொல்லியலாளர்கள் காட்டும் சான்று பலுசிஸ்தானத்தின் நவுஷாரோவில் கிடைத்த சுடுமண் பெண் பொம்மைகள். கூந்தலில் கருப்பும் வகிட்டில் சிவப்பும் தீட்டப்பட்ட அவை, பொது ஆண்டுக்கு 2600 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அந்தச் சிவப்புக்கு அன்றைக்கு என்ன பொருள் என்று பொம்மை சொல்லாது. அதை வைத்து ‘ஐயாயிரம் ஆண்டு சுமங்கலி மரபு’ என்று எழுதுவது அவசரம்.

பேசுகிற சான்று இலக்கியத்தில் இருக்கிறது. சங்கப் பாடல்களில் பெண்ணின் அழகு குடிகொள்ளும் இடங்களில் நெற்றி முக்கியமானது. நுதல் ஒளிர்ந்தால் மகிழ்ச்சி. பசலை படர்ந்தால் பிரிவு. அந்த நெற்றியில் திலகம் வருகிறது. திருமுருகாற்றுப்படையில் மலைச்சோலையில் ஆடும் சூரரமகளிர் மணம் கமழும் நெற்றியில் திலகம் இட்டிருக்கிறார்கள். அவர்கள் தெய்வப் பெண்கள். கணவன், திருமணம் என்ற பேச்சே அந்த இடத்தில் இல்லை. திலகம் அங்கே அழகு, அவ்வளவுதான்.

சிலப்பதிகாரத்தின் அந்திமாலைச் சிறப்புச்செய் காதை இன்னும் நுட்பமானது. கோவலன் மாதவியிடம் போய்விட்டான். கண்ணகி சிலம்பைக் கழற்றினாள், மேகலை நீக்கினாள், மார்பில் குங்குமம் எழுதவில்லை, கண்ணுக்கு மையிடவில்லை, நெற்றி திலகத்தை இழந்தது என்று இளங்கோ அடுக்குகிறார். மங்கல அணியை மட்டும் அவள் விடவில்லை. இந்த ஒரு பகுதியிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. குங்குமம் அன்று மார்பில் எழுதும் வாசனைக் குழம்பு; நெற்றித் திலகம் வேறு பொருள். மணமானதற்கு அடையாளம் மங்கல அணி. திலகம் மற்ற ஒப்பனைகளின் வரிசையில்தான் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கணவன் உயிரோடிருக்கும்போதே, தன் மனம் ஒப்பனையை விரும்பாததால் கண்ணகியே அதை விட்டாள். வேறெந்தக் கையும் அவள் நெற்றியைத் தொடவில்லை.

வடமொழி மரபும் ஏறக்குறைய இதையே காட்டுகிறது. காமசூத்திரம் சொல்லும் 64 கலைகளில் ஒன்று விசேஷகச்சேத்தியம்: இலைகளை அழகழகான வடிவில் நறுக்கி நெற்றியில் ஒட்டும் கலை. வெல்வெட் துணியில் வெட்டி அட்டையில் வரும் இன்றைய ஒட்டுப்பொட்டுக்கு இத்தனை பழைய முன்னோடி இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நிறமும் சிவப்பு ஒன்று மட்டும் இல்லை. லலிதா சஹஸ்ரநாமத்தில் அன்னையின் நெற்றித் திலகம் கஸ்தூரியால் ஆனது; அது கருப்பு. முகமாகிய நிலவில் களங்கம்போல அது விளங்குகிறது என்பது அந்த நாமத்தின் பொருள். கண்ணனுக்கும் கஸ்தூரித் திலகமே பேசப்படுகிறது. சந்தனம் மஞ்சள், துவாரகைப் பக்கத்துக் கோபி சந்தனம் வெளிர் மஞ்சள், திருமண் வெள்ளை, ஸ்ரீசூர்ணம் சிவப்பு.

ஆண்களுக்கும் இது சொந்தமாகவே இருந்தது. வைணவரின் நாமமும் சைவரின் நீறும் மட்டுமல்ல, ஆட்சியும் நெற்றி வழியாகத்தான் கைமாறியது. மேவார் மகாராணாக்கள் பட்டமேற்கும்போது பீல் பழங்குடித் தலைவர் தம் விரலைக் கீறி, அந்த ரத்தத்தால் புதிய மன்னரின் நெற்றியில் திலகமிடும் வழக்கத்தைக் கர்னல் ஜேம்ஸ் டாட் பதிவு செய்திருக்கிறார். மண்ணின் மூத்த மக்கள் வைத்துவிட்டால்தான் அரசன் அரசனாகிறான். தமிழும் திலகம் என்ற பட்டத்தை ஆண், பெண் இருவருக்கும் கொடுத்தது: சிவாஜிக்கு நடிகர் திலகம், எம்.ஜி.ஆருக்கு மக்கள் திலகம், சாவித்திரிக்கு நடிகையர் திலகம்.

மேவார் வழக்கம் காட்டுகிற ஒன்றை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. பொட்டில் வைத்துக்கொள்வது பாதி, வைத்துவிடுவது மறுபாதி. தாய் குழந்தைக்கு வைக்கிறாள். ரக்ஷாபந்தனில் சகோதரி சகோதரனுக்கு வைக்கிறாள். நேபாளத்தில் தசைன் நாளில் பெரியவர்கள் தயிரும் அரிசியும் சிவப்பும் குழைத்து இளையவர்களின் நெற்றி நிறைய டீகா வைத்து வாழ்த்துகிறார்கள். நம் வீடுகளில் வந்த பெண் கிளம்பும்போது குங்குமச் சிமிழை நீட்டாமல் அனுப்பினால் மரியாதைக் குறைவு. கல்யாணத்துக்கு அழைக்கப் போனால் பத்திரிகைக்கு முன்னால் நீள்வது குங்குமம். ‘நீ எங்களவள், உனக்கு நல்லது நடக்கட்டும்’ என்பதை வாயால் சொல்லாமல் விரலால் சொல்கிற முறை இது. பொட்டின் ஆன்மிகம் என்று ஒன்று உண்டென்றால் அதன் முதல் இடம் இந்தத் தொடுகைதான் என்பது என் எண்ணம்.

கைக்குள் வரும் அந்தப் பொருளையும் பார்க்க வேண்டும். நல்ல குங்குமம் மஞ்சளிலிருந்து வருகிறது. மஞ்சளோடு வெங்காரமும் படிகாரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து நிழலில் உலர்த்தினால் மஞ்சள் நிறம் மாறிச் சிவக்கிறது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கரைத்து ஆரத்தி எடுக்கும் எந்தப் பாட்டிக்கும் இந்த நிறமாற்றம் தெரியும். குங்குமம் என்ற பெயர் முன்பு காஷ்மீரத்துக் குங்குமப்பூவுக்குரியது. விலை உயர்ந்த அந்தப் பூவின் பெயரையும் சிவப்பையும் எளிய மஞ்சள் ஏற்றுக்கொண்டதால்தான் அது ஏழை வீட்டுக்கும் வந்தது. மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றிய கடைகளில் தாழம்பூ குங்குமத்தின் வாசனை இன்றும் தெருவுக்கு வருகிறது. குங்குமம் போலவே சாந்தும் வீட்டுச் சரக்கு. ஜவ்வரிசியோ அரிசியோ கருக வறுத்து, நீர் விட்டுக் காய்ச்சி, கொட்டாங்கச்சியில் ஊற்றிக் காயவைத்து, வேண்டும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துக் குழந்தைக்கு வைப்பார்கள். நெற்றியில் ஒன்று, கண்ணேறு படாமல் கன்னத்தில் ஒன்று. வேங்கைப் பிசினை உலர்த்திப் பொட்டாக்கும் வழக்கமும் உண்டு.

இனி தத்துவத்துக்கு வருவோம். புருவ நடுவை ஆக்ஞை என்ற ஆதாரமாக யோக நூல்கள் சொல்கின்றன. பூர்ணானந்தர் 1577-இல் எழுதிய ஷட்சக்கர நிரூபணம் அதை இரண்டு இதழ்த் தாமரையாக விவரிக்கிறது. ஜான் உட்ரோஃப் 1919-இல் இதை ஆங்கிலத்தில் வெளியிட்ட பிறகு உலகமெங்கும் ‘மூன்றாம் கண்’ பேச்சு பரவியது. ஸ்ரீவித்யை மரபில் ஸ்ரீசக்கரத்தின் நடுவே இருக்கும் பிந்து, எல்லாப் படைப்பும் கிளம்பி எல்லாம் ஒடுங்கும் புள்ளி. அந்தச் சக்கரத்துக்குக் குங்கும அர்ச்சனை செய்து, அதே குங்குமத்தை நெற்றியில் இட்டுக்கொள்ளும்போது, உபாசகர் தம் உடலையே அந்தச் சக்கரமாகப் பாவிக்கிறார். அபிராமி பட்டர் அந்தாதியின் முதல் பாட்டிலேயே அன்னையின் நிறத்துக்கு உதயசூரியனோடு உச்சித் திலகத்தையும் குங்குமம் கரைத்த நீரையும் உவமை சொல்கிறார். சிவப்பு அங்கே சக்தியின் நிறம். விடியலின், உயிரின் நிறம். இது ஆழமான மரபு. இதை நான் வணங்குகிறேன்.

ஆனால் இந்தத் தத்துவம் சிலருடைய சாதனையிலிருந்து வந்தது. கோடிக்கணக்கான பெண்கள் காலையில் பொட்டு வைத்துக்கொள்வதற்கு ஆக்ஞா சக்கரம் காரணமாக இருந்ததில்லை. அண்மைக்காலத்தில் இதற்கு மேலும் ஒரு பூச்சு ஏறியிருக்கிறது. பொட்டு வைக்கும் இடத்தில் நரம்பு முடிச்சு இருக்கிறது, ரத்த அழுத்தம் குறையும், மின்காந்த அலையைத் தடுக்கும் என்றெல்லாம் கைப்பேசியில் வலம் வருகிறது. இவற்றுக்கு ஆய்வு ஆதாரம் கிடையாது. ஓர் அழகான வழக்கத்துக்கு மருந்துச் சீட்டு எழுதித்தான் மரியாதை தேட வேண்டுமா? குங்குமம் ரத்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் அதன் பெருமை குறைந்துவிடுமா?

கடினமான பகுதி இனித்தான் இருக்கிறது. அழகுக்கும் வாழ்த்துக்கும் உரிய பொட்டு, கணவனின் உயிரோடு எப்படி முடிச்சுப் போடப்பட்டது?

கைம்பெண்ணின் துயரம் தமிழுக்கு இறக்குமதியான ஒன்று என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. கணவனை இழந்தவள் நெய்யில்லாத சோறும் வேளைக்கீரையும் உண்டு, பாயில்லாமல் பரற்கல் மேல் படுப்பதைப் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு புறநானூற்றில் சொல்கிறார். கூந்தல் களைவதும் வளை நீக்குவதும் வேறு புறப்பாடல்களில் வருகின்றன. அணிகளெல்லாம் பறிபோன அந்த வரிசையில் காலப்போக்கில் நெற்றியும் சேர்ந்துகொண்டது. ‘பூவும் பொட்டுமாக இரு’ என்ற வாழ்த்துக்குள்ளேயே, பூவும் பொட்டும் இல்லாமல் போகும் நாளின் அச்சம் உட்கார்ந்துகொண்டது.

இந்த முடிச்சின் இறுக்கம் எவ்வளவு என்பதைத் தேவதாசி மரபு காட்டும். இறைவனுக்குப் பொட்டுக்கட்டிய, அதாவது இறைவன் பெயரில் தாலி கட்டிக்கொண்ட, பெண்ணுக்குக் கணவன் சாவதில்லை. ஆகவே அவள் நித்திய சுமங்கலி. கல்யாண வீடுகளில் தாலிக்கு மணி கோத்துக் கொடுக்க அவளை அழைத்தார்கள். அவள் கண்ணில் படுவது நல்ல சகுனம். ஒரு பெண் என்றும் மங்கலமாக இருக்க வேண்டுமானால் சாகாத கணவன் வேண்டும் என்பதுதான் இதன் உள்ளர்த்தம். மங்கலம் அவளிடம் இல்லை, அவளுக்குரியவனிடம் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி போன்றோரின் நெடிய போராட்டத்தால் 1947-இல் சென்னை மாகாணம் பொட்டுக்கட்டுவதைச் சட்டத்தால் தடுத்தது. மங்கலத்தைக் கணவனிடம் ஒப்படைத்த அந்தக் கணக்கை எந்தச் சட்டமும் தொடவில்லை.

சீர்திருத்தம் பேசியவர்கள் இதற்குச் சொல்லிவந்த மறுப்பு எளியது; நான் கேட்டவற்றில் மிக வலியதும் அதுவே. தாலி கணவன் கட்டியது. பூவும் பொட்டும் பிறந்த வீட்டில் தாய் வைத்துவிட்டவை. தொட்டிலில் கிடந்தபோதே வந்ததைப் பறிக்கச் சாவுக்கு என்ன உரிமை? கண்ணகியின் திலகத்தைப் பற்றி முன்னே சொன்னதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். துக்கத்தில் ஒருவர் தம் விருப்பத்தால் அலங்காரத்தைத் தவிர்ப்பது வேறு. பத்தாம் நாள் உறவுப் பெண்கள் சூழ உட்காரவைத்து, அழ அழ நெற்றியை மஞ்சள் பூசி நிறைத்துப் பின்பு துடைத்தெடுப்பது வேறு. முன்னது துயரம். பின்னது தண்டனை.

மகாராஷ்டிரத்தில் சங்கராந்தியை ஒட்டி நடக்கும் ஹள்தி குங்கு கூட்டங்கள் இந்தப் பிளவை ஆண்டுதோறும் கண்முன் நிறுத்துகின்றன. பெண்கள் ஒருவருக்கொருவர் மஞ்சள் குங்குமம் இட்டு, எள்ளுருண்டை கொடுத்து, வீட்டுக்கு வெளியே வந்து கூடிப் பேச மரபு கொடுத்த அரிய வாய்ப்பு அது. விடுதலைப் போராட்டக் காலத்தில் பெண்களை அரசியலுக்குத் திரட்டவும் அது பயன்பட்டது. அத்தனை நல்ல கூட்டத்திலும் கைம்பெண்ணுக்கு இடமில்லை. ஹேர்வாட் தீர்மானத்தின் உண்மையான எடை அந்த மண்ணில் நின்று பார்த்தால்தான் புரியும்.

பொட்டு மதச் சின்னமா என்ற கேள்வி நம் ஊரிலேயே 400 ஆண்டுகளுக்கு முன் வந்து, ரோம் வரை போயிருக்கிறது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவரானவர்கள் நெற்றிச் சந்தனத்தையும் குடுமியையும் பூணூலையும் விட வேண்டியதில்லை என்றார். அவை நாட்டு வழக்கம், வழிபாடு அல்ல என்பது அவர் வாதம். சக பாதிரியார்களே எதிர்த்தார்கள். நீண்ட விசாரணைக்குப் பிறகு 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 1703-இல் புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் தூர்னோன் 1704-இல் இதுபோன்ற வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்தார். 1744-இல் அடுத்தொரு போப் ஆணை அந்தத் தடையை உறுதி செய்தது. இன்றைக்கும் தமிழகக் கத்தோலிக்கர் பலர் வீட்டில் பொட்டு உண்டு. பிற சபையினர் பலரிடம் இல்லை.

வங்கதேசத்தில் இதே கேள்விக்கு மக்கள் வேறு பதில் சொன்னார்கள். அங்கே டிப் என்ற நெற்றிப் பொட்டு வங்காளிப் பெண்களின் அடையாளம். முஸ்லிம் பெண்களும் வைத்துக்கொள்கிறார்கள். பாகிஸ்தான் ஆட்சியில் வங்கப் பண்பாடு ஒடுக்கப்பட்ட நாட்களில் தாகூர் பாடலும் டிப்பும் எதிர்ப்பின் மொழியாயின. 2022 ஏப்ரலில் டாக்கா தெருவில் டிப் வைத்திருந்த ஒரு கல்லூரி ஆசிரியையைக் காவலர் ஒருவர் இழிவாகப் பேசினார். உடனே ஆண்களும் தங்கள் நெற்றியில் பொட்டு வைத்துப் படம் வெளியிட்டார்கள். அந்தக் காவலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

பொட்டு உயிருக்கே ஆபத்தான காலங்களும் இருந்தன. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரைத் தேடித்தேடித் தாக்கிய கும்பல்களுக்கு அது அடையாளமாயிற்று. வெளியே போக நேர்ந்த தமிழ்ப் பெண்கள் பொட்டை அழித்துவிட்டு நடந்தார்கள். கணவன் பக்கத்திலேயே இருக்க, அவன் உயிரைக் காப்பாற்றுவதற்காகவே அழித்த பொட்டு அது. 1987-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பொட்டின் பெயராலேயே ‘டாட்பஸ்டர்ஸ்’ என்று ஒரு கும்பல் கிளம்பி, இந்தியர்களை விரட்டுவோம் என்று நாளிதழுக்குக் கடிதம் எழுதியது. அந்த ஆண்டில் அங்கே ஹோபோகன் நகரில் அடித்துக் கொல்லப்பட்ட நவ்ரோஸ் மோடி ஒரு பார்சி ஆண். வெறுப்புக்கு நெற்றியைப் பார்க்கும் பொறுமைகூட இல்லை. பின்னாளில் மேலைப் பாடகிகள் பொட்டு வைத்து மேடையேறியபோது அங்கே வளர்ந்த இந்தியப் பெண்களுக்குக் கசந்ததற்குக் காரணம் இந்த நினைவுதான்.

நலம் சார்ந்த ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். ஒட்டுப்பொட்டின் பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற வேதிப்பொருள் சிலருக்குத் தோலின் நிறமிச் செல்களைக் கொன்றுவிடுகிறது; பொட்டு இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு விழுகிறது. அரிப்போ நிறமாற்றமோ தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிந்தூரத்தில் ஈயம் கலப்பது இன்னும் பெரிய ஆபத்து. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 மாதிரிகளைச் சோதித்து 2017-இல் வெளியான ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வில் பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது. குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை. கடையில் கிடைக்கும் கண்ணைப் பறிக்கும் சிவப்பைவிட வீட்டு மஞ்சளில் செய்த மங்கிய குங்குமம் மேல். பொட்டையே மருந்தாக்கும் முயற்சியும் நடந்தது: அயோடின் குறைபாட்டைப் போக்க, 2015-இல் அயோடின் பூசிய பொட்டுகளை மகாராஷ்டிரக் கிராமங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். நல்லெண்ண முயற்சிதான். ஆனால் தோல் வழியே எவ்வளவு உள்ளே போகும் என்ற ஐயம் எழுந்தது. அயோடின் உப்பு அதைவிட எளிய வழி.

2021 தீபாவளியை ஒட்டி, பொட்டு வைக்காத பெண்கள் விளம்பரத்தில் வந்தால் அந்தக் கடையில் வாங்க மாட்டோம் என்று சமூக ஊடகத்தில் ஓர் இயக்கம் நடந்தது. பொட்டை நேசிப்பவன் என்ற முறையில் இதை நான் ஏற்கவில்லை. வற்புறுத்தி வைக்கச் சொல்வதும் வற்புறுத்தி அழிப்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள். வேண்டாம் என்கிற இளம்பெண்ணின் வெறும் நெற்றிக்கும், வேண்டும் என்கிற கைம்பெண்ணின் குங்குமத்துக்கும் நாம் தர வேண்டியது ஒரே மரியாதை. கவுகாத்தித் தீர்ப்பு தவறு. ஹேர்வாட் தீர்மானம் சரி. பொட்டு, அதை வைத்துக்கொள்பவருடையது.

தீர்மானம் போட உங்கள் ஊராட்சிக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை உங்கள் வீட்டு விசேஷத்தில் குங்குமச் சிமிழ் சுற்றி வரும்போது, கணவனை இழந்த அத்தையையோ அண்ணியையோ தாண்டிப் போகாதீர்கள். அவர்கள் முன்னும் நீட்டுங்கள். எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் விருப்பம்.